சர்க்கரை போட்ட வெள்ளை வைன்

1

இந்தக் கதை எனக்கு அத்திப்பள்ளியில், ஒரு மதுக்கடை வாசலில் கிடைத்தது. ஓசூர்க்காரனுக்குக் கர்நாடக எல்லை தாண்டி அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். சித்திரை வெயில். பீருக்கு முண்டியடித்த கம்பெனி ஆட்களின் நடுவே, சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையில் ஒரு அம்மாள்.

"யாவுது பேக்கம்மா?" எது வேண்டும் என்று கடைக்காரர் கன்னடத்தில் கேட்டார்.

"வெள்ளை வைனுங்க. வெயிலுக்குச் சில்லுனு குடிப்பாங்களாமே, அது. ரொம்ப வெலையில்லாம குடுங்க."

நான் கண்டது இவ்வளவுதான். மீதி என் கைவேலை.*

2

பெயர் ஜெபமணி என்று வைக்கிறேன்.

ஜெபமணியின் வாழ்வில் இருள் சூழ்ந்த அந்த

(சீ. வேண்டாம்.)

கணவர் ஜான்பீட்டர். மெஷின் பழக கம்பெனி ஒருமுறை அவரை இத்தாலிக்கு அனுப்பியது. அங்கே மதியச் சாப்பாட்டோடு குடித்த வைனைப் பற்றி ஊர் திரும்பியும் பேசிக்கொண்டே இருந்தார். இப்போது தொண்டையில் புற்று. கேட்டதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சிகூட மண்ணாக இருக்கிறது என்றவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இத்தாலில குடிச்சனே ஜெபா, அந்த வெள்ளை வைன். ஒரு வாய் குடு."

3

அத்திப்பள்ளியில் வாங்கி வந்ததைக் குளிரவைத்து, டம்ளரில் ஊற்றி, முதலில் தான் ஒரு ஸ்பூன் நக்கிப் பார்த்தாள். ஒரே புளிப்பு. கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டானே என்று கடைக்காரனைத் திட்டினாள். அவர் காத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்குத் தான் போடும் திராட்சை வைன் புளித்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

(அவள் கையைப் பிடித்துத் தடுத்து எழுதிப் பார்த்தேன். ஜெபமணியாகவே இல்லை. டிசம்பர்தோறும் வைன் போடுகிறவளின் கை சர்க்கரை டப்பாவுக்குத்தான் போகும்.)

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"இதான் ஜெபா. இதே ருசிதான்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

4

அவருக்காக வைத்த ஜெபக்கூட்டத்துக்கு பிரேம்குமார் வந்தான். அவரோடு கூட இத்தாலி போனவன். ஜெபமணி பெருமையாகச் சொன்னாள், சர்க்கரை உட்பட.

"அதுல இனிப்பே இருக்காதுக்கா. அந்தப் புளிப்புக்காகத்தான் பீட்டரண்ணனுக்குப் புடிக்கும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. டீ குடி."

(இவனுக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட் போட்டு வரவிடாமல் செய்திருக்கலாம். எனக்குத் தோன்றாமல் போயிற்று.)

5

முடிவு அ: அவர் நாக்கு முன்பே செத்துவிட்டது. எதைக் கொடுத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

முடிவு ஆ: அவருக்குத் தெரிந்தது. கடைசியாகக் கேட்டது கிடைக்கவில்லை என்று தெரிந்தே, அவள் மனசு நோகக் கூடாதென்று

இதற்குமேல் எழுத முடியவில்லை. ஜெபமணி என்னைத்தான் பார்க்கிறாள்.

"எழுதறது நீங்கதானே? சொல்லுங்க, அவருக்கு ருசி தெரிஞ்சுதா, இல்லியா?"

எனக்கும் தெரியாதம்மா. படிக்கிற நீங்களாவது சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவள் அழுவாள்.

* கடையில் நான் கண்ட அந்த அம்மாள் மகன் வீட்டு விருந்துக்கு வாங்கியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.