நின்ற பின் முதல் அடி

அக்காவின் இடுப்பில் இருந்த செயற்கை மூட்டு, தங்கை வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் உருவானது. உலோகப் பந்து ஒன்று, அது உட்கார்ந்து சுழல உலோகக் கிண்ணம் ஒன்று. இரண்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். ஆனால் நுண்ணோக்கியில் வைத்தால் மேடும் பள்ளமும்தான். இடையே மூட்டு நீர் மெல்லிய படலமாக நிற்கும்வரை மேடுகள் ஒன்றையொன்று தொடாது. படலம் மெலிந்தால் உரசும். உடம்பின் பாரத்தில் நீர் எவ்வளவு தாங்கும், மேடுகள் எவ்வளவு தாங்கும் என்று கணினியில் கண்டுபிடிப்பது தங்கையின் வேலை. வீட்டில் அவளுக்குப் பெயரே ‘கணக்கு’தான்.

“என் தங்கச்சி கணக்குப் போட்ட இடுப்பாக்கும்!” என்று தன் அழகு நிலையத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா பீற்றிக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாளில் தங்கை முடி வெட்டிக்கொள்ள அங்கே போனாள். முன்னால் வந்த பெண்ணுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள் அக்கா. மூட்டு வைத்த காலிலேயே பாரத்தைப் போட்டு அசையாமல் நின்றாள். ஓர் எட்டு நகர்ந்தாள். மறுபடி நின்றாள். தங்கை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கூடத்துக் கணக்கில் எல்லா மனிதர்களும் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர்கூட நின்றதில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்த நிற்றலைக் கணக்கில் சேர்த்தாள். நிற்க நிற்க நீர் பிதுங்கி வெளியேறியது. அதன்பின் எடுத்து வைக்கும் முதல் அடியில் பெரும்பாரம் மேடுகளின் மேல் விழுந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். “மூட்ட சோதனை மெஷின்ல ஓட்டிப் பாத்துடுவோம்மா. கணக்கு தப்பா இருந்தா நல்லதுதான்.”

தப்பாக இல்லை. நிறுத்தி நிறுத்தி ஓட்டிய மூட்டைக் கழற்றியபோது உள்ளே இருந்த திரவம் உலோகத் தூளால் கறுத்திருந்தது. தலைவர் அன்றே விநியோகத்தை நிறுத்திவிட்டு, அந்த மூட்டைப் பொருத்திய மருத்துவர்கள் எல்லோருக்கும் தகவல் அனுப்பச் சொன்னார். அக்காவிடம் மட்டும் தானே சொல்வதாகத் தங்கை கேட்டுக்கொண்டாள்.

கடையில் ஆள் இல்லாத நேரம். அக்கா சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கை சொல்லி முடிக்கும்வரை குழாயை மூடவில்லை.

“கொஞ்ச நாளா இடுப்புல ஒரு வலி. நின்னு நின்னு வருதுன்னு நெனச்சேன்.”

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ பதறுவேன்னுதான்.” குழாயை மூடினாள். “மறுபடி அறுக்கணுமா?”

“ரத்தத்துல உலோகம் கலந்திருக்கான்னு பாக்கணும். இருந்தா மாத்தித்தான் ஆகணும்.”

“நான் பூரா நாளும் நிக்கறவடீ. அது உனக்குத் தெரியாதா?”

தங்கை கழுவிய சீப்புகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

“நீ மறைச்சிருந்தா உன் மூஞ்சிலயே முழிச்சிருக்க மாட்டேன்,” என்றாள் அக்கா. “சொல்லிட்டே. ஆனாலும் இப்ப உன்னப் பாக்கப் பிடிக்கல. போ.”

ரத்தத்தில் உலோகம் இருந்தது. வேறு வகை மூட்டு வைத்தார்கள். பழையது தசையையும் கொஞ்சம் அரித்திருந்ததால் அக்காவின் நடை சாய்ந்துபோனது. மருத்துவமனையில் தங்கைதான் உடனிருந்தாள். அக்கா தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள், வேறு பேச்சில்லை.

வீடு திரும்புகிற நாளில், தாழ்வாரத்தில் தங்கையின் தோளைப் பற்றி நடந்தவள் பாதியில் நின்றாள்.

“மத்தவங்களும் இதே மாதிரி அறுத்துக்கணுமா?”

“சில பேருக்கு வேண்டியிருக்கும்க்கா.”

“அவங்களப் போய்ப் பாத்தியா?”

“டாக்டருங்க சொல்லிடுவாங்க.”

“நீ போ. திட்டுவாங்க. வாங்கிக்க.”

தங்கை போனாள். ஒவ்வொரு வீட்டிலும், நாள் முழுக்க என்ன வேலை செய்வீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று கேட்டாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் உட்காரச் சொல்லி, நிதானமாகப் பதில் சொன்னார்கள்.