பெயரில்லாதவர்கள் திருத்திய வினாத்தாள்

உதயகலா ரீச்சர் தயாரித்த வினாத்தாளை இருபத்திரண்டு வருடங்களில் ஒருவரும் திருத்தியதில்லை. திருத்த இடமில்லாதபடி தாள் அமைந்தது என்று அர்த்தமில்லை. அதை ஒருவரும் வாசித்ததில்லை.

உடுப்பிட்டியில் அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு நான்கு ஆசிரியர்கள். அதிபர் தில்லைநாதன் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்தார். வந்த கையோடு, இனி வினாத்தாள்களை இணையத்தில் பொதுக் கோப்பாக வைத்து எல்லோரும் சேர்ந்துதான் தயாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். உதயகலா பத்தாம் வகுப்புத் தாளை ஏற்றி மற்ற மூவருக்கும் அனுப்பினார். ஒரு கிழமை போயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

"சேர், தாளைப் பாத்தனீங்களே?" என்று அந்த மூவரில் ஒருவரான பஞ்சலிங்கம் சேரிடம் கேட்டார்.

"ஓம் ஓம், வலு திறம்," என்றார் அவர். எந்தத் தாள் என்றுகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை. வெள்ளி பின்னேரம் பஸ் ஏறும் அவசரத்தில் உதயகலா இணைப்பை வட்ஸ்அப் குழுவில் இன்னொருதரம் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியும் கையுமாகக் கணினியைத் திறந்தால், கோப்புக்குள் பதினேழு பேர்! ஒருவருக்கும் பெயரில்லை. பெயர் சொல்லாமல் நுழைகிறவர்களுக்கு அந்தக் கோப்பு தானே ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடும். நரி, முதலை, ஆமை, ஒட்டகம் என்று ஒரு காடே உள்ளே நின்றது.

"ஏழாவது கேள்வியிலை முக்கோணியின்ரை கோணங்களைக் கூட்டினால் 190 பாகை வருது," என்று முதலை எழுதியிருந்தது.

கூட்டிப் பார்த்தார். உண்மைதான். உடனே திருத்தினார்.

"பன்னிரண்டாவதுக்கு ரெண்டு விடையும் சரி," என்றது ஆமை. அதுவும் உண்மை.

மற்றப் பாட ஆசிரியர்களையும் அதிபர் உருட்டி மிரட்டி உள்ளே அனுப்பியிருக்கிறார் என்று உதயகலா நினைத்துக்கொண்டார். தன் தாளை இத்தனை பேர் வரிவரியாக வாசிக்கிறார்கள் என்றதும் அவருக்குக் கண் கலங்கியது. அதிபருக்குப் போன் எடுத்தார்.

"சேர், எங்கடை ஆக்கள் நிண்டு வேலை செய்யினம்!"

அதிபர் கோப்பைத் திறந்து, குறிப்புகளையெல்லாம் படமெடுத்து, உடனேயே கல்வித் திணைக்கள மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார்.

"பத்தாவது கேள்வி சரியான கஷ்டம், எடுத்துவிடுங்கோவன்," என்று நரி கெஞ்சியது. இது பஞ்சலிங்கம் சேராகத்தான் இருக்கும் என்று உதயகலா சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒட்டகம் எழுதியது: "ரீச்சர், இது உண்மையாவே திங்கக்கிழமை வருமோ?"

போனை எடுத்துப் பார்த்தார். ஆசிரியர்களின் குழு 'கணிதம் பத்து'. இணைப்பைப் போட்டிருந்தது 'பத்து கணிதம்' குழுவில். அது பிள்ளைகளின் குழு.

அதிபரின் வீட்டு வாசலில் போய் நின்றார். விசயத்தைச் சொன்னார்.

"பிள்ளை, மேலிடத்திலையிருந்து பாராட்டு வந்திட்டுது."

"சேர், எழுதினது பெடியள்."

"அது ஆருக்குத் தெரியும்? அதிலை நரி எண்டுதானே கிடக்கு."

"அப்ப சோதினை?"

"புதுத்தாள் ஒண்டு போடுங்கோ. கையாலை எழுதுங்கோ. ஒருத்தருக்கும் காட்டிப் போடாதேங்கோ."

உதயகலா ஞாயிறு முழுக்க இருந்து எழுதினார். ஒவ்வொரு முக்கோணியையும் மூன்று தரம் கூட்டிப் பார்த்தார். திங்கள் காலை, தாளைப் புரட்டிய பிள்ளைகள் தலைநிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையில், பெரிய துரோகத்தைக் கண்ட அதிர்ச்சி இருந்தது. முன்வரிசையில் இருந்த தர்சினி பேனையைத் திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்தாள்.

ஆனால் புள்ளிகளைப் பார்த்து உதயகலாவே திகைத்தார். அந்த வகுப்பு அவ்வளவு நன்றாக ஒருபோதும் செய்ததில்லை. ஒரு முக்கோணியை வைத்து இரண்டு நாள் சண்டை பிடித்தவர்களுக்கு இன்னொரு முக்கோணி பெரிய காரியமாக இருக்கவில்லை.

அடுத்த மாதம் 'சிறந்த கூட்டுச் செயற்பாடு' என்று நான்கு கணித ஆசிரியர்களுக்கும் சான்றிதழ் வந்தது. காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். படத்துக்கு நடுவில் பஞ்சலிங்கம் சேர் நின்றார். கூட்டு முயற்சியின் அருமை பற்றி இரண்டு வார்த்தையும் பேசினார்.

பத்தாம் வகுப்பு வரிசையில் இருந்துதான் கைதட்டல் பலமாக எழுந்தது. உதயகலா அந்தப் பக்கம் திரும்பி, ஒருவரும் கவனிக்காத மாதிரி, சான்றிதழை ஒருதரம் அவர்களுக்கு உயர்த்திக் காட்டினார்.