மீரா சாகிப் வீட்டு ஆறாத சட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருடம், நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம், பினாங்கு சூலியா தெருவின் பின்சந்தில் மீரா சாகிப்பின் மனைவி சலேஹா ஒரு பீங்கான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். இரண்டு வருடத்துக்கு மேலாகியும் அது ஆறவில்லை. சந்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் அதே வருடம்தான். இரண்டைப் பற்றியும் ஜனங்கள் பேசினார்கள். குழாயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசினார்கள்.

மீரா சாகிப் பீச் தெருவில் ஒரு கப்பல் சாமான் கடையில் வேலை பார்த்தவர். மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். ஏல மணி கேட்டால் மட்டும் அவருடைய கை தானாக உயர்ந்துவிடும். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்ட அன்று, யாருமே கேட்காத ஒரு சட்டிக்கு அவர் கை உயர்ந்தது. மண்ணைக் கல்லாகும்வரை சுட்டுச் செய்த பீங்கான் அது. கட்டைவிரல் தடிமன், நீள்சதுரம், உள்ளே பளபளக்கும் பழுப்பு, பக்கத்துக்கு ஒரு காது, ஒரு முழு வாத்து கால் நீட்டிப் படுக்கிற அளவு. மூடி கிடையாது. ரிக்‌ஷாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது, துரைமார் கால் ஊற வைக்கிற தொட்டி என்றார் ஒருவர், குதிரைக்குக் கொள்ளு வைப்பது என்றார் இன்னொருவர். அடுப்புச் சாமான் என்று கண்டுபிடித்தவள் சலேஹா. அதில் என்னென்ன மாமிசம் வெந்திருக்குமோ என்று அவள் முதலில் செய்தது, மார்க்க முறைப்படி ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியது. அதில் ஒரு தண்ணீர் மண் கரைத்தது. கணவர் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துத் தேய்த்தாள். பிறகு மரவள்ளிக்கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் கலந்து ஊற்றி, மலாய்க்காரர் பிங்கா என்கிற கிழங்குப் பணியாரம் சுடுகிற மாதிரி கீழே கொஞ்சம் கரி, மேலே தகரம் போட்டு அதன்மேல் கொஞ்சம் கரி என்று வைத்தாள். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று சிவந்து, நடுவில் குழைந்து, அப்படி ஒரு பிங்காவை அந்தச் சந்து அதற்குமுன் தின்றதில்லை. கழுவலாம் என்று சாயங்காலம் தொட்டாள், சுட்டது. மறுநாளும் சுட்டது. அடுத்த வாரம் அது சுடவில்லை என்றால்தான் ஆச்சரியம் என்ற நிலைக்கு வீடு வந்துவிட்டது.

கரிச் செலவு மிச்சம் என்பதுதான் சலேஹாவுக்கு முதலில் உறைத்தது. சட்டிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. எதை வைக்கிறோமோ அதற்கு வேண்டிய சூட்டை அதுவே எடுத்துக்கொள்ளும். காலையில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, முட்டையும் பாலும் அடித்து ஊற்றினால் புட்டிங். அதை வழித்தபின் ஆட்டுக்கறியும் அரிசியும் போட்டு ஒரு வாழையிலையால் மூடினால் மத்தியானச் சாப்பாடு. மாலையில் ஈரக் கிராம்பைப் பரப்பினால் காய்ந்துவிடும். வெறும் சட்டியைத் தூக்கி மீரா சாகிப்பின் சட்டை மேல் தேய்த்தால் இஸ்திரி. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி, இவர்கள் சமைக்கிற மாமிசம் தனக்கு ஆகாது என்பதால், தன் பித்தளைச் செம்பை அதற்குள் இறக்கித் தயிர் உறைய வைத்தாள். சந்து முனையில் சாமிக்கு எரிக்கிற சாமிக் காகிதம் விற்ற சீனர் மருந்து வேர்களை அதில் உலர்த்தினார். மலாய் மருத்துவச்சி மாக் எசா, பிள்ளை பெற்ற பெண்களின் அடிவயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்கக் கல்லைச் சுடவைப்பதை விட்டுவிட்டு, சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். ஒரு தடவை அவள் வாத்து முட்டைகளைப் போட்டு மறந்துவிட்டாள், முட்டைகள் குஞ்சு பொரித்துவிட்டன.

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது அந்தச் சந்தில் எந்த மதத்துக்கும் வழக்கமில்லை. ஆகவே சட்டி போகிற வீட்டிலிருந்து இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி பாண்டான் இலையோ ஒரு ஆரஞ்சோ இல்லாமல் திரும்பியதில்லை. நடுவில் ஒருமுறை, யாரோ திருடப்போகிறார்கள் என்று மீரா சாகிப் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சில நாள் கழித்துத் திறந்தால் வெதுவெதுப்புக்கும் கீழே இறங்கியிருந்தது. சலேஹா கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை ஜெயலெட்சுமி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். திரும்பி வரும்போது நான்கு முறுக்கும் பழைய சூடும் இருந்தன. நாலு வீடு போய் வந்தால்தான் அந்தச் சட்டிக்கு உடம்பு சரியாயிருக்கும் என்று எல்லோருக்கும் புரிந்தது. சாவியை மீரா சாகிப்பே கொண்டுபோய் எங்கோ தொலைத்துவிட்டார்.

சலேஹாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்திருந்தன. மூன்றும் மாதம் நிறையாமல் வந்தவை. வெதுவெதுப்பாக வந்து, அவள் கையிலேயே ஆறிப்போனவை. நாலாவது, இருபத்தைந்தாம் வருடம், விடாமல் மழை கொட்டிய அக்டோபரில் ஏழாம் மாதத்திலேயே வந்தது. பெண் குழந்தை, உள்ளங்கைகளைச் சேர்த்துப் பிடித்தால் அதற்குள் அடங்கியது. அழுகை பூனைக்குட்டிக்கு இருப்பதைவிடக் குறைவு. மாக் எசா ஒரு கணம் குழந்தையைப் பார்த்தாள், ஒரு கணம் அடுப்படியைப் பார்த்தாள். சட்டியிலிருந்த புட்டிங்கை வழித்து ஒரு தட்டில் கொட்டினாள், துடைத்தாள், இலவம்பஞ்சைப் பரப்பினாள், குழந்தையை உள்ளே கிடத்தினாள். பிங்காவுக்குப் பிங்காச் சூடும் தயிருக்குத் தயிர்ச் சூடும் தெரிந்த சட்டி, இதற்கு ஒரு வயிற்றின் சூட்டை எடுத்துக்கொண்டது. நீலம் பாய்ந்திருந்த உதடு மெல்ல நிறம் மாறியது. தூக்கி அணைத்தால் மறுபடியும் நீலம் பாய்ந்தது. அதனால் சலேஹா பிள்ளையைத் தூக்கவில்லை. பஞ்சில் நனைத்த பாலை உதட்டில் வைப்பாள், ஒரு விரலைக் கொடுப்பாள், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைச் சட்டியிடம் கடன் கேட்கிற மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அந்தச் சட்டியை அவள் தினமும் முத்தமிட்டாள்.

இந்த இடத்தில்தான் சந்துக்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். நல்ல மனசோடு செய்தார்கள். பிள்ளை கிடக்கிற சட்டியை யாரும் இரவல் கேட்கக் கூடாது என்று ஜெயலெட்சுமி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சொல்லாமலே எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். தயிர் உறையவில்லை, சட்டைகள் கசங்கின, யாரும் வாய் திறக்கவில்லை. சட்டி சலேஹாவின் கட்டிலருகே அசையாமல் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு இறங்கியது.

மீரா சாகிப் அடியில் கரி வைத்துப் பார்த்தார். பஞ்சுதான் கருகப் பார்த்தது. சுட்ட செங்கல் வைத்தார், வெந்நீர்ப் போத்தல் வைத்தார், ஏலத்தில் ஒரு கம்பளி எடுத்து வந்தார். எதுவும் பலிக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது சலேஹாவுக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு பகல் முழுக்க அவள் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது. மழையோ நிற்கவில்லை. மூன்றைப் பறிகொடுத்தவள் நாலாவதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்க வேண்டும். அவளுக்குப் பயமாக இருந்தது. சட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு சமையற்கட்டுப் பக்கம் போய்ச் சுவரைத் தட்டி ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சட்டி வேணுமா உங்களுக்கு?"

"எதுக்குத் தங்கச்சி இப்ப? புள்ள கெடக்குதுலா அதுல."

"வேணும்னு சொல்லுங்க அக்கா."

ஜெயலெட்சுமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அலமாரி விஷயம் அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"வேணும்லா," என்றாள். "குடு, சாயங்காலம் கொண்டாந்து தர்றேன்."

நாற்பது கழியவில்லையே என்று யாராவது கேட்பதற்குள் மாக் எசா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். விலக்கு தாய்க்கும் பிள்ளைக்கும்தான், சட்டிக்கு இல்லை. வாசலைத் தாண்டுவது சட்டி, பிள்ளை சட்டியைத் தாண்டவில்லையே என்றாள். அந்த ஊரில் பெரிய வக்கீல்கள் பேசியதையெல்லாம் விட இது தெளிவாக இருந்தது என்று மீரா சாகிப் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஜெயலெட்சுமி வீட்டிலிருந்து சட்டி திரும்பியபோது அதற்குள் பிள்ளை இருந்தது, பிள்ளையின் காலடியில் இரண்டு கோழிமுட்டை இருந்தது, விளிம்பில் கை வைத்தால் இதமாகச் சுட்டது.

அதிலிருந்து சட்டி நாளுக்கு ஒரு வீடாகச் சுற்றியது. ஒருவர் சட்டியின் இரு காதுகளையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குடை பிடிப்பார். சந்து முனையில் ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்தி வழிவிட்டார்கள். சாமிக் காகிதக் கடையில் மேசையை ஒதுக்கி வைத்தார்கள். மாக் எசாவின் வீட்டில் வாத்துகள் வந்து எட்டிப் பார்த்தன. கைக்குழந்தைக்காரிகள் ஆளுக்குக் கொஞ்சம் பால் கொடுத்தார்கள். இதன் விளைவு பதினைந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே தாயின் பால் குடித்தவர்கள் மார்க்கப்படி உடன்பிறப்பு என்பதால், அந்தப் பெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்க வழியில்லாமல் போனது; பாதிப் பையன்கள் அண்ணன்மார், மீதிப் பையன்கள் தம்பிமார். ஆனால் அதையெல்லாம் அப்போது யார் நினைத்தார்கள்? சலேஹா தினமும் காலையில் சட்டியைக் கொடுத்துவிட்டு நிலைப்படிக்கு உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். சாப்பிடச் சொன்னால் அப்புறம் என்பாள். எந்த வீட்டிலாவது ஒரு பெண் குரல் உயர்ந்து கேட்டால் எழுந்து நிற்பாள். இன்றைக்கு வெறும் சட்டிதான் திரும்பி வரும் என்று தினமும் ஒரு தடவையாவது அவளுக்குத் தோன்றும். அதை அவள் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

நாற்பது முடிய இரண்டொரு நாள் இருக்கும்போது, காகிதக் கடைக்குப் போயிருந்த சட்டியை ஜெயலெட்சுமியின் கணவர் சின்னையா வாங்கி வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோல் காய்த்துப்போய், சூடும் குளிரும் உறைக்காத கைகள் அவருக்கு. மழை இன்னும் விடாது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டே சட்டியைச் சலேஹாவிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். சட்டி கிணற்றடிக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தது.

சின்னையா குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். சலேஹா நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். மேலே மூடியிருந்த துணியை எடுக்க அவள் கை போகவில்லை. சந்தில் மழை பெய்துகொண்டிருந்தது, குழாயடியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். அவளுக்கு அழுகையும் வரவில்லை. வேலை முடிந்து வந்த மீரா சாகிப், அவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார், குனிந்து சட்டியின் காதைத் தொட்டார், தொட்ட கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ஏலத்தில் அவ்வளவு எளிதாக உயர்கிற கை அது. இவரால் முடியாது என்று அப்போதுதான் சலேஹாவுக்குத் தோன்றியது. அவளே துணிக்குள் கையை விட்டாள்.

பஞ்சு சுட்டது. அடுப்பிலிருந்து அப்போது எடுத்த ரொட்டி மாதிரி சுட்டது. அவள் பிள்ளையை வாரி எடுத்து, ரவிக்கையைத் தளர்த்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். உதடு நீலமாகவில்லை. குழந்தை மூக்கால் தேடி, பிடித்துக்கொண்டு, தானாகவே குடிக்கத் தொடங்கியது.

"மச்சான், சட்டி ஆறிப்போச்சு," என்றாள்.

அவர் நிலைப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ள ஆறல. நீங்களே தொட்டுப் பாருங்க."

பிள்ளைக்கு ஹமீதா என்று பெயர் வைத்தார்கள். சட்டியில் விளைந்தவள் என்று சந்தில் கேலி செய்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள். சட்டி அதன் பிறகு எந்த அடுப்பில் வைத்தாலும் சூடேறவே இல்லை. கொஞ்ச நாள் வருத்தப்பட்டுவிட்டு, அகர்அகர் கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றினால் உச்சி வெயிலிலும் அதில் உறைந்துவிடுகிறது என்று சலேஹா கண்டுபிடித்தாள்; மீனும் இரண்டு நாள் கெடாமல் இருந்தது. இரவல் கேட்டு மறுபடியும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது அது வெயில் காலத்துச் சட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். ஜெயலெட்சுமியின் தயிர்ச் செம்பை ஹமீதா மடியில் வைத்துக்கொண்டு பாடம் படிப்பாள், எழுந்திருக்கும்போது உறைந்திருக்கும்.

முப்பத்திரண்டாம் வருடம் மழை இன்னும் மோசம். துவைத்த துணி வாரக்கணக்கில் காயவில்லை. சந்திலுள்ள மற்றத் தாய்மார் குழந்தைகளைக் கம்பளியில் சுற்றி, குடையும் கொடுத்து, வாசலில் நின்று பத்துத் தடவை எச்சரித்துத்தான் குர்ஆன் ஓதப் பள்ளிக்கு அனுப்புவார்கள். சலேஹா கொடியிலிருந்து ஈரச் சட்டையை எடுத்து, பிழிந்து, உதறி, ஹமீதாவுக்கு அப்படியே மாட்டிவிடுவாள். பிள்ளை மழையில் இறங்கி நடக்கும். முதுகிலிருந்து லேசாக ஆவி எழும்பும். பள்ளிவாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் சட்டை காய்ந்து இஸ்திரி போட்ட மாதிரி ஆகியிருக்கும். சலேஹா வாசலில் நின்று பார்ப்பதில்லை. பிள்ளை படியிறங்கியதுமே உள்ளே திரும்பி வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவாள்.