முல்லோ அம்னூனின் மூன்றாம் வருகை

...வரட்டும், வந்து கதவைத் தட்டட்டும், இந்தத் தடவையும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து கோழிச் சாற்றில் உப்புப் பார்க்க வேண்டியதுதான், என்று புலோர் அடுப்பின் முன்னால் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லச் சொல்ல அந்த 'முடியாது' மென்று மென்று சக்கையாகிவிட்டது, காரம் போய்விட்டது, ஆனாலும் துப்ப மனமில்லை. பொழுது சாய்ந்தால் பாவமன்னிப்பு நாளான கிப்பூர் பிறந்துவிடும், பிறகு நாளை இரவு நட்சத்திரம் தெரியும்வரை சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாது, அதற்குள் சாப்பிட வேண்டும், அதற்குள் அந்த மனுஷன் வந்து தொலைக்க வேண்டும். கடவுளுக்கு எதிராகச் செய்ததையெல்லாம் கடவுள் நாளைக்கு ஒரே நாளில் மன்னித்துவிடுவார், பெரிய மனசு. ஆனால் மனுஷனுக்கு மனுஷன் செய்ததை அவர் தொடவே மாட்டார், நீ போய் அவளிடம் பேசித் தீர்த்துக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம், என்று ஜன்னலைச் சாத்திவிடுவார், மேலேயும் அலுவலகம் அலுவலகம்தான் போல. மூன்று ஆண்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மூன்று தடவை போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், மூன்றாவது தடவையும் மறுத்தால் கேட்டவன் கையை உதறிக்கொண்டு போகலாமாம், பாவம் மறுத்தவள் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம்... இந்தச் சட்டத்தை எழுதியவன் யார்? யாரிடமோ இரண்டு தடவை கேட்டு மூக்குடைபட்டவனாகத்தான் இருக்கும்.

மூன்று ஆண்கள்! சமர்கண்டில் இந்த யூதத் தெருவில் இன்றைக்கு மூன்று ஆண்களைத் திரட்டுவது என்ன லேசான காரியமா? பாதி வீடுகளை விற்றுவிட்டு இஸ்ரேலுக்குப் போனவர்கள் போக, நியூயார்க்குக்குப் போனவர்கள் போக, மிஞ்சியது காது கேட்காத ஹிஸ்கியோ, கசாப்புக் கடை போருஹ், எங்கே கூப்பிட்டாலும் சாப்பாடு உண்டா என்று கேட்டுவிட்டு வரும் மானி. முதல் தடவை அவர்களை வரிசையாக நிறுத்திவைத்துவிட்டு முல்லோ அம்னூன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆரம்பித்தார், முல்லோ என்றாலே வேதம் படித்தவர், மன்னிப்புக் கேட்பதென்றாலும் மேடை வேண்டும் அவருக்கு, "ஒருவேளை, என் வார்த்தைங்க, ஒரு தாயோட பலவீனமான மனசை, நான் அறியாம, லேசா தொட்டிருந்தா" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஹிஸ்கியோ, "யாருக்குடா கல்யாணம்?" என்று மானியின் காதில் கத்தினார். இரண்டாம் தடவை ஜரிகை அங்கி, கையில் ஒரு தட்டு அல்வா. "புலோர், நான் சொன்னது உண்மைதாம்மா, சொன்ன நேரம்தான் தப்பு" என்றார். அவள் கதவைச் சாத்தினாள், அங்கியின் முனை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது, "அங்கி! அங்கி!" என்று வெளியிலிருந்து வந்த அந்தக் குரலில்தான் முதல் முறையாக உண்மையான வேதனை இருந்தது. திறந்து விட்டாள். அல்வாவை மானி தெருமுனை தாண்டுவதற்குள் முடித்திருப்பான்.

சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் கரண்டியோடு கோழியின் கால் மேலே வந்தது. இன்று விடிகாலையில் இந்தக் கோழியைத்தான் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றினாள், இது எனக்குப் பதில், இது சாவுக்குப் போகிறது, நான் வாழப் போகிறேன், என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிற அதே சொற்கள்; பெண்ணுக்குப் பெட்டைக் கோழி, ஆணுக்குச் சேவல். சந்தையில் கை தானாகச் சேவல் கூடைப் பக்கம் போயிற்று, "சேவலும் வேணுமாக்கா?" என்று உஸ்பெக்காரன் கேட்டான், வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது... இல்யாவ் இருந்தபோது சேவலைச் சுற்றுவதற்குள் வீட்டையே இரண்டாக்கிவிடுவான், அம்மா அது என்னைக் கொத்தப் பார்க்குது, என்பான், இருபத்திரண்டு வயசு ஆம்பிளை. எனக்குப் பதில் இது. சாவுக்குப் போவது இது. அவன்தான் என்னுடைய கோழியா? அடச்சே, என்ன நினைப்பு, புண்ணிய நாள் முகத்தில். ஆனால் முல்லோ அம்னூன் அன்றைக்கு அதைத்தானே சொன்னார், இத்தனை சுருக்கமாகச் சொல்ல வரவில்லையே தவிர.

துக்கத்தின் ஏழு நாட்களில் அது எந்த நாள்? கண்ணாடியைத் துணியால் மூடியாயிற்று, கழுத்துப் பட்டியைக் கிழித்தாயிற்று, அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், அறை நிறைய ஆட்கள், முல்லோ எழுந்து நின்றார். ஓய்வுநாளில் கத்தரிக்கோல் பிடித்த கை தன் குலத்தின் நூலையே வெட்டிக்கொண்டது என்றார். அழகான வாக்கியம்தான், வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருப்பார். யாரோ தலையாட்டினார்கள். அரசாங்க முடிதிருத்தும் நிலையம், ஓய்வுநாளான சனிக்கிழமைதான் கூட்டம் அம்மும், சுவரில் இருந்த வழுக்கைத் தலைவரின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு முப்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் வெட்டினாள், வராமல் இருந்தால் வேலை போகும், புருஷன் போய்ச் சேர்ந்த வீட்டில் வேறு யார் சம்பாதிப்பார்கள், முல்லோவா? அதுகூடப் போகட்டும். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் என்று அவருடைய மனைவி மஃப்ராத் ஒரு சனிக்கிழமை மதியம் பின்வாசல் வழியாக வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "புலோர், யார்கிட்டயும் சொல்லிடாதடி, நரை ரொம்பத் தெரியுது" என்று உட்கார்ந்தாளே, அந்தத் தலைக்குச் சாயம் போட்டது இதே கைதானே? துக்க அறையில் அந்த வாக்கியம் விழுந்தபோது மஃப்ராத் குனிந்துகொண்டாள், குனிந்த உச்சியில் சாயம் மினுமினுத்தது. அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஏனென்றால் அவர் சொன்னது சரி என்று பட்டது. அதுதான், அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஓய்வுநாளை மீறியதற்காக அல்ல, கடவுளுக்கு அவ்வளவு சின்ன மனசா என்ன. ஆனால் அது சனிக்கிழமை, அவள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் சாப்பாடு போட ஆளில்லை, அதனால்தான் இல்யாவ் சிநேகிதர்களோடு ஜராஃப்ஷான் ஆற்றில் குளிக்கப் போனான்... வீட்டில் இருந்திருந்தால் போயிருக்க மாட்டான். போயிருப்பானோ? போயிருக்க மாட்டான். தினம் இந்த இடத்துக்கு வந்து நிற்பாள், வலிக்கும், ஆனாலும் நிற்பதற்கு ஓர் இடம். ஜெருசலேமிலிருந்து இந்த வருஷம் வந்த சின்ன வயசு ரபி, நொந்துபோனவனிடம் போய் உன் பாவம்தான் காரணம் என்று சொல்வது வாயால் கொலை செய்வது மாதிரி என்று பிரசங்கம் பண்ணினாராம், அதைக் கேட்டுத்தான் முல்லோ சாட்சிகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாயால் கொலை. அப்படியென்றால் ரொட்டி அடுப்பு வரிசையில் அவள் சொன்னது?

வசந்தத்தில் வலது பக்கம் வாதம் இழுத்து மஃப்ராத் படுக்கையில் விழுந்தபோது, சூடான ரொட்டிக்காக நின்றிருந்த பெண்கள் நடுவில் புலோர் சொன்னாள்: "அடுத்த வீட்டுச் சாவுக்குக் காரணம் கண்டுபிடிச்சாரே முல்லோ, இப்ப தன் வீட்டுப் படுக்கைக்கு என்ன காரணமாம்? கேட்டுச் சொல்லுங்கடி!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரண்டு நாள் நாக்கில் தித்தித்தது அது. மஃப்ராத் என்ன செய்தாள், சாயம் போட்டுக்கொண்டதைத் தவிர?

கதவு தட்டப்பட்டது. முடியாது, முடியாது, என்று சொல்லிக்கொண்டே போய்த் திறந்தாள். அம்னூன் நின்றிருந்தார், தனியாக. ஜரிகை இல்லை, தட்டு இல்லை, பொத்தான்கூட ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவள் அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சாட்சிங்க எங்கே முல்லோ? மானிக்கு வேற எங்கயாவது சாப்பாடா?"

"யாரையும் கூப்பிடலை."

"அப்ப இது கணக்குல சேராதே."

"சேராது." கனைக்கவில்லை அவர். "நான் எனக்காக வரலை தங்கச்சி. மஃப்ராத் அனுப்பினா."

"அவ பேசறாளா?"

"பாதி பேசறா. மீதியை நானா ஊகிச்சுக்கறேன். முன்னெல்லாம் முழுசாப் பேசுவா, நான்தான் கேட்கலை." தரையைப் பார்த்தார். "ரொட்டி வரிசையில நீ ஏதோ சொன்னியாமே. யாரோ வந்து ஓதிட்டுப் போயிட்டாங்க. அதை அப்படியே நம்பறா. நான் உன்னை அப்படிப் பேசினதுக்குத்தான் அவளுக்கு இப்படி ஆச்சாம். நீ மன்னிச்சிட்டா எழுந்து நடப்பாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படியெல்லாம் காரணம் கிடையாதுடின்னேன். 'புலோருக்கு மட்டும் காரணம் இருந்துச்சா'ங்கறா." அவர் அந்தப் பொத்தானைத் திருகினார். "எனக்குப் பதில் வரலை தங்கச்சி."

முல்லோ அம்னூனுக்குப் பதில் வரவில்லை! இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தாள், வந்துவிட்டது, கையில் வாங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, மாறிப் போட்ட பொத்தானும் அதன் பின்னால் ஒரு கிழவனும்தான். அடுப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்து ஒரு துண்டில் சுற்றிக்கொண்டாள், ஏன் எடுத்தாள் என்று தெரியவில்லை, வெறுங்கையோடு ஒரு தலையின் பக்கத்தில் போய் நின்று அவளுக்குப் பழக்கமில்லை. தெருவில் வெயில் சுவரின் பாதிக்கு ஏறிவிட்டிருந்தது, சாப்பிடவில்லையே என்று தோன்றியது, அவர் இரண்டடி பின்னால் வந்தார், முன்னால் நடந்தே பழகியவர்.

மஃப்ராத்தின் தலை தலையணையோடு ஒட்டிக் கிடந்தது. சாயம் எங்கோ நுனியில் ஒரு விரற்கடை, மீதியெல்லாம் வெள்ளை, பின்னந்தலை முழுக்கக் கம்பளி மாதிரி ஒரே சிக்கு, இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு சீப்பைப் பிடிக்கத் தெரியவில்லையா... புலோர் அவளைச் சாய்த்து உட்காரவைத்துப் பின்னால் உட்கார்ந்து நுனியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். மஃப்ராத் பாதி வாயால் கேட்டாள்: "நெசமா... நீ சொன்னது?"

"இல்லடி. வயித்தெரிச்சல்ல உளறினேன். யார் என்ன பேசினதுக்காகவும் இது வரலை. சும்மா வந்தது."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சீப்பு நின்றது. சும்மா. இவளுக்குச் சும்மா வந்தது என்றால் அவனுக்கும் சும்மாதானா? இத்தனை நாளும் அவள் கத்தரிக்கோலால் செத்தவன், இப்போது தண்ணீரால் செத்துப்போனான், வெறும் தண்ணீரால், எந்தச் சனிக்கிழமையாலும் இல்லை... கையில் பிடித்துக்கொண்டிருந்த கடைசி நூலையும் தானே அல்லவா இப்போது... மஃப்ராத்தின் தோள் குலுங்கியது. நிம்மதியில் அழுகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். "அப்ப நான்," மஃப்ராத்துக்குச் சொல் வர நேரமாயிற்று, "எழுந்திருக்க மாட்டேனா?"

காரணம் இருந்தால்தானே காரணத்தை நீக்க முடியும். அதைத்தான் இவள் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், இந்த வசந்தத்திலிருந்து, அதைப் பிடுங்கியாயிற்று, உண்மையைச் சொல்லி. மன்னிக்கிறேன், எழுந்து நட, என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? முல்லோ துக்க வீட்டில் அவ்வளவு நிச்சயத்தோடு பேசினாரே, அவரும் எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் கொடுத்தாரா, கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு குத்தினாரா? தெரியவில்லை. சீப்பு மறுபடி நகர்ந்தது.

ஜன்னலில் வெளிச்சம் தேய்ந்துகொண்டிருந்தது. கிப்பூர் நுழைகிற நேரம், இனி சீப்பைத் தொடக் கூடாது, கத்தரிக்கோலைத் தொடவே கூடாது, சிக்கோ இன்னும் பாதி இருந்தது. வாசலில் அம்னூன் வந்து நின்றார், ஜெப ஆலயத்துக்குப் போக வெள்ளை அங்கி போட்டிருந்தார், ஜன்னலைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், வாயைத் திறந்தார். இதோ வருகிறது, என்று புலோர் காத்திருந்தாள், கிட்டத்தட்ட ஆசையோடு. அவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டார். பிறகு போகவில்லை, சுவரோரமாக நின்றார்.

இருட்டில் விரலால் தடவித்தான் முடிச்சைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டாள். முப்பது வருஷமாக ஒவ்வொரு தலையிடமும் கேட்ட கேள்வி, வாய் தானாகக் கேட்கும், கை அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். இன்றைக்குக் கை நின்றது. பதிலுக்காக இதுவரை ஒரு தடவைகூடக் காத்திருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.