இடது கைக்கு இரண்டு வழி

1

இந்தக் கதை என் இரக்க குணத்தில் பிறந்ததல்ல. ஒரு கடிதத்தில் பிறந்தது. 2004 மாசியில் கொழும்பிலிருந்து ஒரு சிற்றிதழ்க்காரர் எழுதியிருந்தார்: "வீரசிங்கம், நீங்கள் பதினைந்து வருசமாய்ப் பதுளையில் இருக்கிறீர்கள். மலையகச் சிறப்பிதழுக்கு ஒரு கதை வேண்டும். தேயிலை இருக்கட்டும். கண்ணீர் இருந்தால் நல்லது." பனியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை நானே இலவசமாய்ச் சேர்த்துவிடுவேன் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

நான் யாழ்ப்பாணத்தான். பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதிவேட்டுக் கிளாக்கர். (எந்த ஆஸ்பத்திரி என்று தேடிப் போகாதீர்கள். இந்தக் கதைக்காக நானே கட்டியது. மூன்று மாடி. லிஃப்ட்டும் வைத்தேன், ஆனால் அது ஓடாது. வாசகர் நம்ப வேண்டுமல்லவா?)

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத அந்தக் காலையில், றோசாலியின் தளிர் விரல்கள் கொழுந்தைத் தீண்டியபோது..."

தளிர் விரலாம்! றோசாலிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அந்த விரல்களில் கறை ஏறி, தோல் காய்த்து, வெடிப்பு விட்டிருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "சுரண்டலின் கோரப்பிடியில் சிக்கி..." எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது: "றோசாலிக்குக் கை விறைக்கும்." சரி, இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர் றோசாலி. கணவன் காலமாகிவிட்டார். ஒரே மகள் சஜீவனி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம்: வீட்டில் ஒருவராவது வேலைக்குப் பெயர் பதிந்திருந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் காம்பரா, அதாவது ஓர் அறை. மூன்று வாரத்துக்கு மேல் ஆள் வராவிட்டால் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆக, அந்த வீட்டின் கூரை றோசாலியின் இரண்டு கைகளில் நின்றது.

அந்தக் கைகளில்தான் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும். கொழுந்து கிள்ளுவதும் அதே மூன்று விரல்தான். சுண்டுவிரலுக்கு இந்த நோய் வராது. வந்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை, அதனால்தான் வராதோ என்னவோ. தோட்டத்து டிஸ்பென்சரியில் நாலு வருசமாய்த் தைலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

* அடிக்குறிப்பு (மேலேயே போட்டுவிட்டேன், கீழே யாரும் படிப்பதில்லை): மணிக்கட்டில் ஒரு சுரங்கம் உண்டு. அடியில் எலும்பு, கூரையாய் ஒரு தடித்த நார்ப்பட்டி, நடுவில் விரல்களை இழுக்கும் நாண்களும் ஒரு நரம்பும். ஒரே வேலையைச் செய்து செய்து உள்ளே வீங்கினால் நரம்பு நெரிபடும். ஹப்புத்தளை பஸ்ஸில் காலையில் ஏறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பட்டியை அறுத்துவிட்டால் நரம்பு மூச்சு விடும். எப்படி அறுப்பது என்பதுதான் கேள்வி.

3

1998இல் வலது கையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சர்ஜன் சிங்களவர், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த புதுசு. றோசாலியின் சிங்களம் கடையில் பருப்பு வாங்க மட்டும்தான் காணும். ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு வழிகளையும் பொறுமையாக விளக்கினேன். றோசாலி யோசித்து, உள்ளங்கையைத் திறந்து வெட்டும் வழியைத் தேர்ந்தெடுத்

பொய். இந்த வசனத்தை முடிக்கமாட்டேன்.

4

சர்ஜன் சொன்னது இது. முதல் வழி: உள்ளங்கையில் மணிக்கட்டுவரை திறந்து, பட்டியைக் கண்ணால் பார்த்தே அறுப்பது. நம்பகமானது. இங்கேயே, அடுத்த கிழமையே செய்யலாம். ஆனால் தழும்பு உள்ளங்கையில் விழும். எதையாவது அழுத்திப் பிடித்தால் இரண்டு மூன்று மாதம் நோகும். இரண்டாம் வழி: மணிக்கட்டில் சின்னக் கீறல், அதற்குள் கமரா வைத்த குழாய், உள்ளிருந்தபடியே அறுப்பது. உள்ளங்கைத் தோல் தப்பும். மூன்று வாரத்தில் பெரும்பாலும் வேலைக்குப் போகலாம். ஆனால் நரம்பில் பட்டுவிடும் ஆபத்து கொஞ்சம் கூட. அதற்குப் பழகிய கை வேண்டும், அவருடைய சிநேகிதர் கொழும்பில் இருக்கிறார், கடிதம் தருவார். "ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எது வேண்டுமென்று கேளுங்கள்" என்றார்.

நான் கேட்டது இது:

"றோசாலி, டொக்டர் கையை வெட்டிச் சுகப்படுத்துவாராம். அடுத்த கிழமை. சம்மதமோ?"

"ஐயாமாரு சொன்னாச் சரிங்க."

சர்ஜனிடம் திரும்பி, "முதலாவது வழியாம், டொக்டர்" என்றேன்.

ஏன் என்கிறீர்களா? காரணம் நன்றாகத்தான் வைத்திருந்தேன். 98இல் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பெண் தனியாகக் கொழும்புக்குப் போவதா? வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையை நீட்டி நீட்டியே மற்றக் கையும் விறைத்துவிடும். அவருக்கு நல்லதுதானே செய்தேன்! இந்தக் காரணம் எனக்குத் தோன்றியது அன்று பின்னேரம். கேள்வியைக் கேட்டபோது மணி பன்னிரண்டு பத்து. எனக்குப் பசி. சீ, இதை எழுத ஆறு வருசம் எடுத்திருக்கிறது.

5

சத்திரசிகிச்சை வெற்றி. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது, எழுதியவனே நான்தான். ஆறு மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்ற செய்தியை யாரும் தோட்டத்துக்கு அறிவிக்கவில்லை. காம்பரா போய்விடும் என்று றோசாலி நாலாவது வாரம் பிறந்ததுமே, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றார். ஐந்தாவது வாரம் தழும்பு பிளந்து சீழ் வைத்தது. காம்பரா தப்பியது. வலது பெருவிரல் முழுசாய் மடங்காமலே போயிற்று. அதற்குப் பிறகு இடது கையை நம்பித்தான் கொழுந்து. கொழுந்து நிறை காணாத நாளில் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான்.

(இந்த இடத்தில் றோசாலி அழ வேண்டும். சிறப்பிதழ்க்காரர் காத்திருக்கிறார். நானும் இரண்டு நாள் முயன்றேன். இந்த மனுசி அழமாட்டேன் என்கிறார்.)

6

போன மாதம் இடது கையோடு வந்தார். கூட மகள் சஜீவனி. இப்போது கணினி வகுப்புக்குப் போகிறாள், சிங்களம் என்னைவிட நன்றாய்ப் பேசுகிறாள். தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பது இன்னமும் றோசாலி மட்டும்தான். இந்தக் கையும் போனால் காம்பராவும் போகும்.

அதே சர்ஜன். என்னைப் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார். நானும் வெட்கமில்லாமல் போய் நின்றேன்.

"போன முறை இரண்டு வழியில் இவர் திறந்து வெட்டும் வழியைத்தானே கேட்டார். இப்போதும் அதுவா?" என்றார் சிங்களத்தில்.

நான் வாயைத் திறக்குமுன் சஜீவனி தாயிடம் திரும்பினாள். "என்னாம்மா, அன்னைக்கு ரெண்டு வழி இருந்துச்சாமே? நீங்கதான் இத வேணும்னீங்களாம்!"

றோசாலி என்னைப் பார்க்கவில்லை. "தெரியும்டி. டொக்டரு ரெண்டு வெரலக் காட்டிக் காட்டிப் பேசுனாரு. கிளாக்கரய்யா ஒண்ணத்தான் சொன்னாரு."

"அப்ப ஏன்மா கேக்கல?"

"கேட்டா அவருக்குக் கோவம் வரும். அடுத்த தடவ வந்தா நமக்கு யாரு பேசிக் குடுப்பா?"

ஐயோ. ஆறு வருசமாய் நான் ஒளித்து வைத்திருந்ததை, அந்த மனுசி என்னைக் கோபப்படுத்தக்கூடாதென்று தானும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறார்.

7

முடிவு அ: நான் காலில் விழுகிறேன், அவர் மன்னிக்கிறார், வெளியே மழை. (சிறப்பிதழுக்கு மிகவும் பொருத்தம்.)

முடிவு ஆ: சஜீவனி மேலிடத்துக்கு எழுதுகிறாள், விசாரணைக் குழு அமைக்கிறார்கள், குழு தேநீர் குடி

வேண்டாம். நடந்ததையே எழுதுகிறேன்.

றோசாலி கதிரையை என் பக்கம் திருப்பினார். "இப்பச் சொல்லுங்கய்யா. ரெண்டையும். மக பக்கத்துல இருந்து கேக்கட்டும்."

சொன்னேன். அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: "உள்ள போன பொறகு கொழாயில ஒன்னுந் தெரியலேன்னா?" சர்ஜனிடம் கேட்டேன். அப்போது திறந்துதான் வெட்ட வேண்டும் என்றார். "நரம்புல பட்டுட்டா?" பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும், அபூர்வமாய் ஆகாது. "மூனு வாரத்துல கூடையத் தூக்கலாம்னு எழுதித் தருவாரா?" எழுதித் தரமாட்டார். கை ஆறுவதைப் பொறுத்தது என்றார். சஜீவனி தலையசைத்துக்கொண்டே இருந்தாள், நான் ஒன்றையும் விடவில்லை என்று.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். எல்லாமாகப் பதினொரு நிமிடம்.

அவர் எதைத் தேர்ந்தெடுத்தார்? சொல்லமாட்டேன். ஒருமுறை இன்னொருவரின் கைக்கு நான் முடிவு சொன்னது போதும். இரண்டு வழியும் உங்களிடம் இருக்கிறது. வலது கை போய்விட்டது, காம்பராவுக்கு மூன்று வாரம், மிச்சம் இருப்பது இந்த ஒரு கை. உங்களுடையது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். எனக்கு அவசரமில்லை. ஏதாவது விளங்காவிட்டால் கேளுங்கள், நான் டொக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்.