பதினோராவது கேள்வி

1

அரசு மருத்துவமனைக்கு மகதலேனா கட்டவேண்டிய பாக்கி 4,386 ரிங்கிட் 50 சென்.

இந்தக் கதையில் நான் தயங்காமல் எழுதிய வரி இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். சில இடங்களில் அடித்ததும் அப்படியே கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பகலில் துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்து எழுதுகிறவன் நான். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே நாற்பது தாண்டித்தான். மூட்டையைவிடப் பேனாவுக்குத்தான் கை சீக்கிரம் வலிக்கிறது.

கதை பிறந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளானில், எங்கள் ஒய்பியின் சேவை மையம். (நாடாளுமன்ற உறுப்பினர் என்று இங்கே யாரும் நீட்டிச் சொல்வதில்லை, ஒய்பிதான்.) அங்கே வேலை பார்க்கும் திருச்செல்வம் ஒரு தாளை எடுத்து எனக்கும் மகதலேனாவுக்கும் வாசித்துக் காட்டினான். ஒய்பி நாடாளுமன்றத்தில் சுகாதார அமைச்சரைக் கேட்கப்போகும் கேள்வி அது. இந்த நாட்டிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு இருப்பவர்களிடம் வெளிநாட்டவர் கட்டணம் வாங்கப்படுகிறது. அதனால் எத்தனை பேர் மருத்துவமனைக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் சிகிச்சைக்குத் திரும்ப வராமல் போனார்கள், அமைச்சு என்ன செய்யப்போகிறது?

மகதலேனா கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. என் பேரு எங்க?"

"பேரு போட முடியாது ஆன்டி. பொதுவாத்தான் கேக்கணும்லா. கேள்வி சின்னதாவும் இருக்கணும்."

"போன விரலு என்னோடது. பேரு மட்டும் பொதுவா?"

திருச்செல்வம் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பினாள். "அய்யாவு, நீதான் கதையெல்லாம் எழுதறியே. நீ எழுது. பேரோட எழுது."

(எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்காரர். நேரில் எனக்கு அக்கா. கதைக்குள் 'அவள்' என்று எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். "எப்படியோ எழுது, பேரை மட்டும் மாத்தாத" என்றார்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

வானைத் தொடும் கோலாலம்பூர்க் கட்டடங்களின் நிழலில் ஏழைகளின் கண்ணீர் —

விட்டுவிட்டேன். மகதலேனா அழுது நான் பார்த்ததில்லை.

நாடாளுமன்ற ஜனநாயகத்தில் கேள்வி நேரம் என்பது மக்களின் குரல் —

இதுவும் போயிற்று. பத்திரிகையில் படித்த வாசனை அடிக்கிறது.

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியிருந்தது.

இது நின்றது. இதிலிருந்தே போகலாம்.

மகதலேனா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் பெயர் பதிந்திருக்கிறது. பதிவிலாகாவில் அப்போது யாரும் போய்ப் பதியவில்லை. அதனால் சிவப்பு ஐசி. கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிறாள். சர்க்கரை நோய் காலில் இறங்கி, விரலை எடுக்கும்படி ஆகி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் பில்லைக் கொடுத்தார்கள். கையிலிருந்ததைக் கட்டினாள். மீதிதான் நீங்கள் முதல் வரியில் பார்த்தது.

ஒரு மாதத்தில் வந்து காட்டச் சொன்னார் டாக்டர். அவள் போகவில்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது.

"கடனோட போயி நின்னா, கவுண்டர்ல அத்தனை பேரு முன்னால பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் கேப்பான். 'காசு எங்க?'ம்பான். வெரட்டி விட்ருவான்."

"யாராச்சும் அப்படிச் சொன்னாங்களாக்கா?"

"சொல்லணுமா என்ன? கடையில பாக்கி வெச்சவன மொதலாளி என்ன செய்யறாருன்னு தெனம் பாக்கறேன்."

வீட்டிலேயே தானாகக் கட்டுப் போட்டுக்கொண்டாள். அமைச்சர் சபையில் எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நிமிர்ந்து போய் டாக்டரைப் பார்ப்பேன் என்பாள். ஆகவே வாசகரே, அந்தக் கேள்விக்கு ஒரு கால் பொறுத்திருந்தது. இன்னும் எத்தனையோ கால்கள் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இந்த ஒன்று.

3

திருச்செல்வத்தை எப்படி எழுதுவதென்று தெரியாமல் நெடுநாள் தடுமாறினேன். முதல் வரைவில் அவனுக்கு இரண்டு கைப்பேசி, கறுப்புக் கண்ணாடி, பொய்ச் சிரிப்பு எல்லாம் கொடுத்தேன். அரசியல்வாதியின் ஆள் என்றால் கதையில் அப்படித்தானே வருவான்? மகதலேனாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாருடா இவன்?"

"திருச்செல்வம்."

"அந்தப் புள்ள என் காலுக்கு மருந்து வாங்கிக் குடுத்தவன். கறுப்புக் கண்ணாடிய நீ போட்டுக்க."

கழற்றிவிட்டேன். இப்போது அவன் கதையில் வெறும் மனிதனாக, மோட்டார் சைக்கிளில், எப்போதும் பாதி சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவனாக நிற்கிறான். வில்லன் இல்லாத கதை நடக்குமா என்று தெரியவில்லை. நடத்திப் பார்க்கிறேன்.

4

கேள்விக்குப் பதினோராம் எண் கிடைத்தது. எண் போட்டுவிட்டால் வரிசையாக எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள் என்று நாங்கள் நம்பினோம். கிளினிக்கில் நம்பர் எடுத்தால் எப்படியும் கூப்பிடுவார்கள் அல்லவா, அதுபோல. திருச்செல்வம் ஏதோ சொல்ல வந்தான். "நேரத்தப் பொறுத்துதான் ஆன்டி…" என்று இழுத்தான். அவள் அதற்குள் புடவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைப் புடவை. கேள்வி வரும் நாளில் அதை உடுத்திக்கொண்டாள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் வரைக்கும் வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஆளுக்கொரு தோசை சாப்பிட்டோம். அங்கிருந்து திருச்செல்வம் நண்பனின் காரில் நாடாளுமன்றத்துக்குக் கூட்டிப்போனான். எங்களைப் பாதுகாப்புச் சாவடி அருகே இறக்கிவிட்டு, ஒய்பியின் கோப்புகளோடு அவன் முன்னால் ஓடிவிட்டான்.

சாவடியில் ஒரு பலகை. என்னென்ன உடுத்தி உள்ளே வரக்கூடாது என்று படம் போட்டிருந்தார்கள். கைலி, அரைக்கால் சட்டை. கடைசியில் ஒரு ஜோடி சிலிப்பர், குறுக்கே சிவப்புக் கோடு.

மகதலேனா தன் காலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட பாதத்துக்குச் சிலிப்பர்தான் நுழையும்.

"நீ போ அய்யாவு. நான் இங்க நிக்கறேன்."

"கேட்டுப் பாக்கலாம்கா."

"படமே போட்டு வெச்சிருக்கான். இதுல என்னத்தக் கேக்கறது? நீ போ. நல்லா கேட்டுட்டு வந்து சொல்லு."

அடிக்குறிப்பு: இந்த இடத்தில் நான் அவளோடு நின்றிருக்கவேண்டும் என்று ஒரு வாசகர் சொல்வார். நின்றிருந்தால் உள்ளே நடந்ததை உங்களுக்கு யார் சொல்வது? கதை எழுதுகிறவனுக்கு இது ஒரு வசதி. நல்ல வசதியா என்று தெரியவில்லை.

5

உள்ளே நடந்தது: மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். பேசக்கூடாது, கை தட்டக்கூடாது. கீழே ஒவ்வொரு கேள்வியாக எழுந்தது. சாலை பற்றி, பள்ளிக்கூடம் பற்றி, மருந்துத் தட்டுப்பாடு பற்றி. ஒவ்வொன்றுக்கும் அமைச்சர் பதில் சொல்ல, அதற்கு ஒரு துணைக் கேள்வி, இன்னொரு துணைக் கேள்வி. ஏழாவது கேள்வியில் யாரோ யாரையோ எதுவோ சொல்ல, இரண்டு பக்கமும் எழுந்து கத்தினார்கள். சபாநாயகர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தபோது கேள்வி நேரம் முடிந்திருந்தது. எங்கள் ஒய்பி கையில் தாளோடு இருந்தார். அதை மடித்துக் கோப்பில் வைப்பதை மேலிருந்து பார்த்தேன்.

கதை ஆனால் வெளியே நிற்கிறது. அவளிடம் போவோம். (அவள் பிற்பாடு சொன்னதுதான்.)

வெயில் ஏறியது. மகதலேனா உடம்பைக் கல்தூணில் சாய்த்து, எடையை நல்ல காலுக்கு மாற்றிக்கொண்டாள். மனதுக்குள் அமைச்சரை எழுப்பி நிறுத்திப் பதில் சொல்லவைத்துக்கொண்டிருந்தாள். சாவடியிலிருந்து ஒரு மலாய்ப் போலீஸ்காரர் எழுந்து வந்தார். நேரே அவள் பாதத்தைப் பார்த்தார்.

"ஆன்டி, உள்ளே போகவில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

அவள் பலகையைக் காட்டினாள், சிலிப்பரைக் காட்டினாள்.

"காலில் புண் என்றால் விட்டிருப்போமே." அவருக்கே சங்கடமாகிவிட்டது. "கெனாப்பா தக் தான்யா, ஆன்டி?"

ஏன் கேட்கவில்லை?

அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். அவள் உட்கார்ந்து சற்று நேரத்தில் நான் வெளியே வந்தேன்.

"கேட்டாங்களா?"

இங்கே ஒரு பொய் எழுதலாமா என்று பேனா ஒரு நாள் முழுக்க நின்றது. நேரில் அவ்வளவு யோசிக்கவில்லை.

"இல்லக்கா. நேரம் முடிஞ்சிருச்சு. நாலு கேள்வி முன்னாலயே நின்னுருச்சு. எழுத்துல பதில் அனுப்புவாங்களாம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போலீஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யாவு, அவங்களும் கேக்கல. நானும் கேக்கல" என்றாள்.



6

எழுத்துப் பதில் வந்தது. அதிலுள்ளதைத் திருச்செல்வம் தமிழில் சொன்னான். நான் என் வார்த்தையில் சுருக்குகிறேன். புள்ளிவிவரம் திரட்டப்படுகிறது. பாக்கி இருப்பதால் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை. தவணையில் கட்டலாம். தள்ளுபடி பற்றி ஆராயப்படும்.

"ஆராயப்படும்னா?" என்றாள் மகதலேனா.

"அடுத்த கூட்டத்துல மறுபடி கேக்கணும்னு அர்த்தம், ஆன்டி."

"கேப்பியா?"

"எழுதிக் குடுத்தாச்சு."

மறுநாள் காலை அவள் என் கதவைத் தட்டினாள். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பதிலின் நகலைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தாள். மருத்துவமனைக் கவுண்டரில் ஒரு இளம்பெண். மகதலேனா அந்தத் தாளை வெளியே எடுக்கவே இல்லை. ஐசியை வைத்தாள். எனக்குக் கேட்கும்படி, பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மலாயில் கேட்டாள்:

"எனக்கு இங்கே கடன் இருக்கிறது. கடனோடு டாக்டரைப் பார்க்கலாமா?"

அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போலே, ஆன்டி" என்றாள். பார்க்கலாம். நம்பர் சீட்டை நீட்டினாள்.

நான்கு மாதத்துக்கு ஒரு 'போலே'.

டாக்டர் கட்டைப் பிரித்தார். அந்த இரண்டாவது விரல் போகும் என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார். மகதலேனா என்னைப் பார்த்தாள்.

"பில்லு ஏறும்லக்கா" என்றேன், முட்டாள்தனமாக.

"கடன் கூடட்டும்டா. கால் கொறையக்கூடாது."

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன். அவளுடைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: அடுத்த கூட்டத்தில் எங்கள் கேள்விக்கு ஒன்றாம் எண் விழுகிறது. அமைச்சர் எழுகிறார். "இந்த மண்ணில் பிறந்தவர்களின் மருத்துவக் கடன் அனைத்தும் இன்றோடு —"

"நிறுத்து. இத அடி."

"ஏன்க்கா? நல்ல முடிவுதானே?"

"படிக்கிறவங்க 'சரி, தீந்துபோச்சு'ன்னு புத்தகத்த மூடிடுவாங்க. அப்புறம் யாரு கேப்பா? உன் கதையில தள்ளுபடி ஆனா என் கடன் போயிருமா?"

அடித்தேன்.

இரண்டாம் முடிவு: மழை பெய்கிறது. மூன்றாம் மாடியில் வெள்ளைப் புடவை மடித்தபடி கிடக்கிறது. மகதலேனா இனி —

"அடப்பாவி! என்னைக் கொன்னாத்தான் உன் கதை நல்லாருக்குமா?"

இதையும் அடித்தேன். இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தபின், மூன்றாவது என்னவென்று கேட்டாள். மூன்றாவதில் வெறும் காகிதம்தான் இருந்தது. அதைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது பரவால்ல" என்றாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இரண்டாவது விரலை எடுத்துவிட்டார்கள், புண் ஆறிவருகிறது, பாதம் இருக்கிறது. முதல் வரியில் உள்ள எண் பழையது. புதிய பில் வந்துவிட்டது. மாதாமாதம் கொஞ்சம் கட்டுகிறாள். கேள்வி மறுபடி போயிருக்கிறது. இந்தத் தடவை என்ன எண், எத்தனையாவது கேள்வியில் நேரம் தீரும், எனக்குத் தெரியாது. உங்கள் ஒய்பியைப் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கண்டால், கையில் அப்பம் பாலிக்கோடு நின்றாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வி என்னாயிற்று என்று கேளுங்கள்.

என்றைக்காவது ஒரு நாள் பதில் வரும். தள்ளுபடியோ, அவளே கட்டித் தீர்த்ததோ, பாக்கி இல்லை என்று ஆகும். அன்று ஒரு பேனாவை எடுத்து, இந்தக் கதையின் முதல் வரியை நீங்களே அடித்துவிடுங்கள்.

பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.