பெரட்டுக்கு வந்த தளபதி

ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறந்து இருநூறு ஆண்டுகள் கடந்த ஹங்கேரியத் தளபதி ஒருவர், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். பெயர் கல்மான் வெஸ்கெய். இடுப்பில் வாள், நெஞ்சில் தங்கச் சிலுவைப் பதக்கம், தோள்களில் உருகாத வெண்பனி. அன்று மழை இல்லை. கொழுந்து வரத்தும் சுமார்தான். ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பியவள் தனுஜா, தோட்டத்தின் முதல் பெண் கங்காணி. எல்லோரையும் கூப்பிட்டு முடித்தபின் வழக்கம்போல் “நிமலன்” என்றாள். பதில் வரவில்லை. அதுவும் வழக்கம்தான்.

நிமலன் அவள் கணவன். சமையலறை வேலை என்று சொன்ன ஒரு ஏஜென்டை நம்பிக் குளிர்நாடு ஒன்றுக்குப் போனவன். முதல் மாதம் வீடியோ போனில் உருளைக்கிழங்கு உரித்தான். இரண்டாம் மாதம் பட்டாளத்து உடுப்பில், பனிக்கு நடுவே நின்று ஒரு படம் அனுப்பினான். பிறகு ஒன்றுமில்லை. தனுஜா பதுளைக்கும் கொழும்புக்கும் அலைந்தாள். ஏஜென்டின் கடையில் இப்போது பிளாஸ்டிக் வாளி விற்கிறார்கள். பெரட்டுப் புத்தகத்தில் நிமலன் பெயர் வெட்டப்பட்டு வெகுநாளாகிவிட்டது. அவள் கூப்பிடுவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

தளபதி தினமும் வந்தார். அவர் பேசியது ஹங்கேரிய மொழி; கேட்டவர்களுக்குத் தோட்டத்துத் தமிழாகவே விளங்கியது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மாரிசாமி, “தொரை, கத்தி நல்லாத்தான் இருக்கு, கவ்வாத்துக்கு வாறீங்களா?” என்று கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. ஆற்றங்கரைக் கோட்டையில் பிறந்ததையும், பதினாறு வயதில் குதிரைப்படையில் சேர்ந்ததையும், துருக்கியரை வென்று பிரெஞ்சுக்காரரிடம் தோற்று மறுபடி வென்றதையும், சக்கரவர்த்தி தன் கையாலேயே சிலுவையைக் குத்திவிட்டதையும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றபடி சொன்னார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் வந்த நாள்முதல் ஏழாம் நம்பர் மலையில் மட்டும் வெண்பனி விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி குளிரை அளந்து, கைகளைத் தேய்த்து, இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பனிக்குள் ஆட்கள் தெரிந்தார்கள். நீண்ட கோட்டு, உயரத் தொப்பி, அசையாமல் வரிசை வரிசையாக. அவர்கள் தன்னுடைய ஆட்கள் என்றார் தளபதி. ஒரு பனிக்காலத்தில், தான் திரும்பி வரும்வரை ஆற்றங்கரையில் நிற்கும்படி கட்டளையிட்டிருந்தார். அப்போது சிலுவை வாங்கத் தலைநகருக்கு அழைப்பு வந்தது. போனவர் திரும்பவில்லை. அவர்கள் இன்னும் நிற்கிறார்கள். அதன்பின் நடந்த சண்டைகளில் அதேபோல் கைவிடப்பட்டுச் செத்தவர்களும் வந்து பின்னால் நின்றுகொண்டார்கள்.

“பேர் சொல்லித்தான் கலைக்கணும். எனக்கு ஒருத்தன் பேரும் தெரியாது” என்றார் தளபதி.

“அத்தனை பேர வச்சு வேல வாங்கியிருக்கீங்க, ஒருத்தன் பேருமா தெரியாது?” என்றாள் மாரியாயி. அவள் நிமலனின் தாய். தளபதி தன் சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு தனுஜாவிடம், நீ வந்து கூப்பிடு என்றார்.

தனுஜா போகவில்லை. இரண்டு மாதம் ஆட்களை மற்ற மலைகளுக்கே பிரித்து அனுப்பினாள். ஏழாம் நம்பரில் கொழுந்து முற்றியது; தோட்டத்துப் பெரிய துரை ஏசினார். அந்த வரிசையில் யார் நிற்கக்கூடும் என்பது அவளுக்குத் தெரியும். பார்க்காதவரை அவன் எங்கேயோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

பங்குனியில் ஒருநாள், விறகுக்குப் போன மாரியாயி வெறுங்கையோடு திரும்பினாள்.

“கடைசி வரிசையில புது சப்பாத்து போட்ட பொடியனுக நிக்கிறானுக.”

“மூஞ்சியப் பாத்தீங்களா அத்தே?”

“பனி மறைக்குது. நீ வாறியா, நானே போகட்டா?”

தனுஜா போனாள். முதல் ஆளின் முன்னால் நின்று, “பேரு?” என்றாள். சொன்னான். அவள் அதைப் பெரட்டுக் குரலில் திருப்பிக் கூப்பிட்டு, “வீட்டுக்குப் போ” என்றாள். அவன் நின்ற இடத்தில் ஒரு தேயிலைச் செடி தெரிந்தது. வாயில் நுழையாத பெயர்களை அவர்களே திருத்திக் கொடுத்தார்கள். சிலர் தங்கள் பெயரை மறந்திருந்தார்கள். தாய் கூப்பிட்ட பெயர் என்ன என்று அவள் கேட்டதும் நினைவு வந்தது. நாட்கள் போயின. கோட்டுகள் குட்டையாயின, தொப்பிகள் இரும்பாயின. கடைசி வரிசைக்கு வந்தபோது தனுஜாவின் தொண்டை கட்டியிருந்தது. மாரியாயி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து, பிறகு விட்டார்கள். கடைசியில் நின்றவன் மீசை அரும்பாத, பூனைக்கண் பையன். அவனும் போனான். அவனுக்குப் பின்னால் செடிகள்தான் இருந்தன.

தனுஜா “நிமலன்” என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மலை சும்மா இருந்தது.

“வரல” என்றாள் மாரியாயி. பெரட்டில் வராதவனுக்கு அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. அந்தச் சொல்லை அவள் சந்தோஷமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. செடிகளுக்கிடையே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தளபதி தொப்பியைக் கழற்றி, தன் பெயரையும் கூப்பிடும்படி கேட்டார்.

“நீங்க போக ஏலாது” என்றாள் தனுஜா. “எங்க வீட்டுக்காரரு இங்க வந்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஆள் வேணும். நான் வார வரைக்கும் நில்லுங்க.”

அவர் தொப்பியை மறுபடி மாட்டினார். பிறகு குதிகாலைச் சேர்த்து, வாளை நிமிர்த்தி நின்றார்.

இன்றும் நிற்கிறார். வெண்பனி இப்போது அவர் தலைக்கு மேலே மட்டும், ஒரு செடி அகலத்துக்கு விழுகிறது. கொழுந்து பறிக்கிறவர்கள் அவரைச் சுற்றிப் போய் அடுத்த நிரையைப் பிடிக்கிறார்கள். காலைப் பெரட்டில் தனுஜா கடைசிக்கு முந்திய பெயராக “கல்மான் வெஸ்கெய்” என்பாள். மேலேயிருந்து பதில் வரும். அதன்பின் “நிமலன்” என்பாள். எல்லோரும் பேச்சை நிறுத்தி மலைப்பக்கம் காது கொடுப்பார்கள். சத்தம் ஒன்றும் வராது. கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.